வழக்கில் விடுதலையானவர் சரிபார்ப்புப் படிவத்தில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி: 2019-இல் கல்லூரியில் படித்தபோது நடந்த கைகலப்பில் என் மீதும் வழக்குப் பதிவானது. கைது செய்து, காவல் நிலையத்திலேயே ஜாமீனில் விட்டார்கள். 2022-இல் நீதித்துறை நடுவர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இப்போது மத்திய அரசுப் பணிக்குத் தேர்வாகியிருக்கிறேன். அட்டெஸ்டேஷன் படிவத்தில் அரெஸ்டட், பிராசிக்யூட்டட், டிடென்ஷன், பவுண்ட் டவுன், ஃபைன்ட், கன்விக்டட் என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் எஸ் அல்லது நோ எழுதச் சொல்கிறார்கள். விடுதலையாகிவிட்டதால் எல்லாவற்றுக்கும் நோ எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. விடுதலைத் தீர்ப்பு அந்த வரிசையில் கன்விக்டட் என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே நோ என்று எழுத உங்களுக்கு உரிமை தருகிறது. மற்றவை வழக்கின் வெவ்வேறு கட்டங்களில் நடந்தவற்றைத் தனித்தனியாகக் கேட்பவை, அவை பிற்பாடு வந்த தீர்ப்பால் நடக்காதவை ஆகிவிடுவதில்லை.

முதலில் அரெஸ்டட். ஸ்டேஷன் ஜாமீனில் அன்றே வீட்டுக்குப் போய்விட்டதால் அது கைதே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டேஷன் ஜாமீன் என்பதே கைதானவருக்குத்தான் என்பதால், உங்கள் விடை எஸ். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஏ பிரிவில் (2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இது 35(3)) நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு மட்டும் அழைத்திருந்தால் அது கைதாகாது. ஆர்ப்பாட்டத்தில் பிடித்து, கல்யாண மண்டபத்தில் வைத்து, மாலையில் அனுப்பிவிடும் நம் ஊர் வழக்கத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதற்கும் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கக்கூடும் என்பதால், அப்படி ஏதேனும் இருந்ததா என்பதையும் நினைவுபடுத்திப் பார்த்து, காவல் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் பிராசிக்யூட்டட். காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்து சி.சி. எண் (நீதிமன்ற வழக்கு எண்) கொடுத்து விசாரித்திருந்தால் நீங்கள் பிராசிக்யூட் செய்யப்பட்டவர்தான். முடிவு எதுவானாலும் விடை எஸ். புகாரை விசாரித்த காவல்துறையே மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட் (புகாரின் அடிப்படையே தவறு) என்று முடித்து, நீதிமன்றமும் அதை ஏற்றிருந்தால், வழக்கு அந்தக் கட்டத்தை எட்டவில்லை என்று பொருள்.

டிடென்ஷன் என்று தனியாகக் கேட்பது, குண்டர் சட்டம் எனப்படும் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் சட்டம் போன்றவற்றின் கீழான தடுப்புக் காவலையும் உள்ளடக்கத்தான். பவுண்ட் டவுன் என்பது நன்னடத்தைக்கோ அமைதி காப்பதற்கோ நிர்வாக நடுவர் முன் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுப்பது; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்களை வைத்து இதைப் பேச்சு வழக்கில் 107, 110 என்பார்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் நோ.

ஃபைன்ட் என்பது நீதிமன்றம் விதித்த அபராதத்தைக் குறிக்கிறது. ஹெல்மெட் இல்லாததற்குப் போக்குவரத்துக் காவலரிடம் கட்டியது இணக்கக் கட்டணம். அதில் நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லை. மது அருந்தி வாகனம் ஓட்டிய வழக்கிலோ, சென்னையில் 75 கேஸ் எனப்படும் பொது இடத் தகராறு வழக்கிலோ நடுவர் முன் நின்று ஒப்புக்கொண்டு பணம் கட்டியிருந்தால், தொகை எவ்வளவு சிறியதானாலும் ஃபைன்ட், கன்விக்டட் இரண்டுக்கும் எஸ்தான். 'சீக்கிரம் முடியட்டும், ஒப்புக்கொண்டு கட்டிவிடு' என்று அறிவுரை சொல்பவர்கள் பல ஆண்டுகள் கழித்து வரும் இந்தப் படிவத்தை நினைத்துப் பார்ப்பதில்லை.

அடுத்து, தீர்ப்பின் சான்றிட்ட நகலை எடுத்துக் கடைசிப் பத்தியைப் படியுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) பிரிவுகளில் பதிவான இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் '255(1)-இன் கீழ் அக்விட்டட்' (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி விடுதலை) என்று இருக்கும். அதற்கு முன்னால் பெனிஃபிட் ஆஃப் டவுட் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாட்சிகள் பிறழ்ந்ததாலோ ஆதாரம் போதாததாலோ சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்தார்கள் என்பது இதன் பொருள். ஹானரபிள் அக்விட்டல் (குற்றமற்றவர் என்று முழுமையாக விடுவிப்பது) என்ற சொல் குற்றவியல் சட்டங்களில் இல்லை, அது தீர்ப்புகளின் வழியாக வந்தது என்பதைத் தமிழ்நாட்டுக் காவலர் ஒருவர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் கூறியது. ஆனாலும் வேலைக்கு எடுக்கும் துறைகள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கின்றன. தமிழ்நாடு காவல்துறைத் தேர்வில் இது மிகக் கடுமையாகவே பார்க்கப்படுகிறது. டிஸ்சார்ஜ்ட் என்றிருந்தால் அது குற்றச்சாட்டு வனையும் முன்பே விடுவித்தது. சமரசமாகி காம்பவுண்டட் என்றிருந்தால் அதன் விளைவு விடுதலைக்குச் சமம். உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்திருந்தால் குவாஷ்ட் என்று இருக்கும். படிவத்தில் உங்கள் சொந்தச் சொல்லைப் போடாமல், தீர்ப்பில் உள்ள சொல்லை அப்படியே எழுதுங்கள்.

உண்மையை எழுதினால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானதே. அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் வகுத்த நெறிகளின்படி, வழக்கை மறைக்காமல் தெரிவித்தவரின் முன்வரலாற்றையும் பணியமர்த்துபவர் பரிசீலிக்கலாம், கட்டாயம் வேலை தர வேண்டியதில்லை; அதே சமயம் இளவயதில் நடந்த அற்பமான குற்றமாயின், மறைத்திருந்தால்கூட அதைப் பொறுத்துக்கொள்ள அவருக்கு விருப்புரிமை உண்டு. படிவம் குறிப்பாகக் கேட்காததைச் சொல்லவில்லை என்று ஒருவரைக் குறை கூற முடியாது என்பதும் அதே தீர்ப்புதான். உங்கள் படிவமோ ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்கிறது. மறைத்தது காவல்துறைச் சரிபார்ப்பில் வெளிப்பட்டால், அந்தக் கைகலப்பைவிட மறைத்த செயலே உங்களுக்கு எதிராக நிற்கும்.

ஆகவே அரெஸ்டட், பிராசிக்யூட்டட் இரண்டுக்கும் எஸ், மற்றவற்றுக்கும் நிலுவை வழக்கு பற்றிய கேள்விக்கும் நோ. தனித்தாளில் காவல் நிலையம், குற்ற எண், பிரிவுகள், நீதிமன்றம், சி.சி. எண், தீர்ப்புத் தேதி, முடிவு ஆகியவற்றை எழுதிச் சான்றிட்ட நகலை இணையுங்கள். சம்பவத்தின்போது பதினெட்டு வயது நிறையாதிருந்தால், சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 24-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு குறித்துத் தனியாக ஆலோசனை பெறுங்கள். நிரப்பிய படிவத்தின் ஒளிநகலைப் பத்திரப்படுத்துங்கள். பாஸ்போர்ட்டுக்கோ வேறு தேர்வுக்கோ இதே விவரம் கேட்கப்படும்போது, இரண்டு இடங்களில் இரண்டு விதமாக எழுதியதாக ஆகிவிடக் கூடாது.