நான்காம் பகுதிக்கு யார் பொறுப்பு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் நான்காம் பகுதியை, அதாவது அரசுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை, நடத்தி முடித்தார்கள். படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது பிரிவு 39. வேலைக்கான உரிமையைப் பேசுகிறது பிரிவு 41. தொழிலாளி கௌரவமாக வாழப் போதுமான கூலி வேண்டும் என்கிறது பிரிவு 43. ஆனால் இவற்றில் எதையும் எந்த நீதிமன்றமும் செயல்படுத்த முடியாது என்று பிரிவு 37 கதவைச் சாத்திவிடுகிறது. என் அம்மா நூற்பாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அதே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளி வாங்குவதில் பாதிகூட அம்மாவுக்குக் கிடைப்பதில்லை. அவரிடம் பிரிவு 43-ஐ வாசித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை.

கட்டாயமில்லாத வாக்குறுதியை எதற்காக எழுதி வைத்தார்கள்? எல்லாவற்றையும் வழக்குப் போடக்கூடிய உரிமைகளாக மாற்ற வேண்டும். முடியாதென்றால் அந்தப் பகுதியையே நீக்கிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க.,
திண்டுக்கல்

அன்புள்ள க.,

உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் சொல்லும் தீர்வோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் அம்மாவின் கூலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்தால் அது சட்டமீறல். ஒப்பந்தக்காரர் கொடுக்கத் தவறினால் ஆலை நிர்வாகம் கொடுத்தாக வேண்டும். வழக்கு நடத்தப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இந்த உதவிக்கு வேர் பிரிவு 39ஏ. 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் சேர்க்கப்பட்ட அந்தப் பிரிவு, நீங்கள் நீக்கிவிடலாம் என்று நினைக்கும் நான்காம் பகுதியில்தான் இருக்கிறது.

குறைந்தபட்ச ஊதியத்துக்கும் ஒரு கதை உண்டு. 1948-இல் வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தை எதிர்த்து அஜ்மீரைச் சேர்ந்த பிஜய் காட்டன் மில்ஸ் நிர்வாகம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்தக் கூலி கொடுத்தால் ஆலையை நடத்த முடியாது, தொழிலாளர்களே குறைந்த கூலிக்கு வரத் தயாராக இருக்கிறார்கள், தொழில் நடத்தும் எங்கள் சுதந்திரத்தில் அரசு தலையிடுகிறது என்பது அவர்கள் வாதம். 1950-களின் நடுவில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. பொதுநலனுக்காக விதிக்கப்பட்ட நியாயமான கட்டுப்பாடு இது என்று சொன்ன நீதிபதிகள், அதற்குத் துணையாகக் காட்டியது பிரிவு 43-ஐ. அந்தப் பிரிவை வைத்து ஒரு தொழிலாளி கூலி கேட்டு வழக்குப் போட முடியாது என்பது உண்மை. ஆனால் அவருக்காக ஒரு சட்டம் வந்து, அதை உடைக்க முதலாளி நீதிமன்றம் போனபோது, குறுக்கே நின்று தடுத்தது அதுதான். நான்காம் பகுதியின் இந்த வேலையை வகுப்பறையில் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

உங்கள் கேள்வி அரசியல் நிர்ணய சபையிலேயே கேட்கப்பட்டதுதான். 1948 நவம்பர் விவாதங்களை ஒருமுறையாவது முழுமையாகப் படியுங்கள். வசதி இருந்தால் மட்டும் பணம் கொடுப்போம் என்று வங்கி சொல்லும் காசோலை இது என்றார் கே.டி.ஷா. உணர்ச்சிகளைக் கொட்டி வைக்கும் குப்பைத்தொட்டி என்றார் சென்னையிலிருந்து சென்ற டி.டி.கிருஷ்ணமாச்சாரி. இந்த ஏற்பாட்டைப் பாதுகாத்துப் பேசிய அம்பேத்கரோ, 1947-இல் தான் எழுதிக்கொடுத்த மனுவில் முக்கியத் தொழில்கள், காப்பீடு, விவசாயம் ஆகியவை அரசுடைமை ஆக வேண்டும், அதை அரசியலமைப்பிலேயே கட்டாயமாக எழுத வேண்டும் என்று கேட்டவர். மற்ற எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டவர், கிடைத்த குறைவான ஒன்றைத் தாங்கிப் பிடிக்கிறார். 1948 நவம்பர் 4-ஆம் தேதி உரையில் அவர் சொன்ன காரணம் இது: யார் ஆட்சியைப் பிடித்தாலும் தன் விருப்பப்படி நடந்துகொள்ள முடியாது, இந்த நெறிகளை மீறினால் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்காது, ஆனால் தேர்தல் நேரத்தில் வாக்காளரிடம் பதில் சொல்லியாக வேண்டும்.

அயர்லாந்தின் 1937 அரசியலமைப்பிலிருந்துதான் இந்த வடிவத்தை எடுத்தார்கள். அங்கே இது நாடாளுமன்றத்தின் பொது வழிகாட்டுதலுக்காக என்றிருக்கிறது. நம்முடைய பிரிவு 37 அதைத் தாண்டிச் செல்கிறது. நாட்டின் ஆட்சிக்கு இவை அடிப்படையானவை, சட்டம் இயற்றும்போது இவற்றைக் கடைப்பிடிப்பது அரசின் கடமை என்கிறது. நீங்கள் பிரிவு 37-இன் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். இரண்டாம் பாதியையும் அதே அழுத்தத்தோடு படிக்க வேண்டும். கடமை இருக்கிறது; அதைக் கேட்கும் பொறுப்பு நீதிபதியிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

அந்தப் பொறுப்பை நாம் ஏற்காதபோது என்ன ஆனது என்பதற்குக் கல்வியைவிட வலிக்கும் உதாரணம் இல்லை. வரைவில், ஒவ்வொரு குடிமகனுக்கும் இலவசத் தொடக்கக் கல்வி பெற உரிமை உண்டு என்றே கல்வியைப் பற்றிய பிரிவு (பின்னாளில் பிரிவு 45) தொடங்கியது. 1948 நவம்பர் 23 அன்று லட்சுமிகாந்த மைத்ரா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். உரிமை இந்தப் பகுதியில் இருக்கக் கூடாது, மற்ற பிரிவுகளைப் போல ‘அரசு முயல வேண்டும்’ என்றிருந்தால் போதும் என்றார். அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். அதே விவாதத்தில் நசிருதீன் அகமது, பதினான்கு வயது வரை கல்வி என்பதைத் தொடக்கக் கல்வி என்று சுருக்கிக்கொள்ளலாமே என்றார். அதை அம்பேத்கர் ஏற்கவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தொழிற்சாலை வேலைக்கு வைக்கக் கூடாது என்று வேறொரு பிரிவில் எழுதியிருக்கிறோம். வேலைக்குப் போகக் கூடாத குழந்தை பள்ளியில்தானே இருக்க வேண்டும் என்று கேட்டார். பதினான்கு என்ற வயது அந்த வாதத்தால் காப்பாற்றப்பட்டது. ஒரே நாளில், ஒரே பிரிவில், ஒன்றை இழந்தோம், ஒன்றைக் காத்தோம். இந்தப் பக்கங்களை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

நான்காம் பகுதியில் காலக்கெடு விதிக்கப்பட்ட ஒரே நெறிமுறை அதுதான்: பத்தாண்டுகள். 1951 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பதினெட்டு பேர்தான் எழுத்தறிந்தவர்கள். கெடு 1960-இல் முடிந்தது. யாரும் பதவி விலகவில்லை, எந்தத் தேர்தலிலும் எந்த ஆட்சியும் அதற்காகத் தோற்கடிக்கப்படவில்லை. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில்தான், பிரிவு 21 தரும் வாழ்வுரிமையோடு பிரிவு 45-ஐச் சேர்த்துப் படித்து, பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002-இல் 86-ஆவது திருத்தம் பிரிவு 21ஏ-வைச் சேர்த்தது. அதற்கான சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டுகள் என்றது அறுபது ஆண்டுகளாயிற்று.

அதிலும் ஒரு வெட்டு விழுந்தது. பழைய பிரிவு 45 பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளையும் சொன்னது. புதிய 21ஏ ஆறு வயதில்தான் தொடங்குகிறது. ஆறுக்குக் கீழே உள்ள குழந்தைகள் மறுபடியும் அரசு முயல வேண்டும் என்ற வரிக்குள் தள்ளப்பட்டார்கள். அங்கன்வாடியில் உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு, சத்துணவும் கவனிப்பும் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேவைப்படும் வயதில், வழக்குப் போடக்கூடிய கல்வி உரிமை இல்லை. இது தவறு என்றே நான் கருதுகிறேன். இந்த ஒன்றை உரிமையாக்க வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன்.

சென்னை மாகாணத்தின் அனுபவம் வேறு விதமானது. வகுப்புவாரி அரசாணைப்படி கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, பிராமணர்களுக்கு இரண்டு, ஆதிதிராவிடர்களுக்கு இரண்டு, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமாக ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என்று கொடுத்துவந்தார்கள். செண்பகம் துரைராஜன் வழக்கில் அது செல்லாது என்றானது. நலிந்த பிரிவினரின் கல்வி நலனைப் பேணச் சொல்லும் பிரிவு 46-ஐ மாகாண அரசு எடுத்துக்காட்டியது. நெறிமுறைகள் அடிப்படை உரிமைகளுக்குக் கீழ்ப்பட்டே ஓட வேண்டும் என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த 1950-லேயே பெரியாரின் தலைமையில் மக்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். 1951 ஜூனில் முதல் திருத்தம் நிறைவேறி, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் பிரிவு 15(4) பிறந்தது. தீர்ப்புக்கும் திருத்தத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டே மாதங்கள். கல்விக்கு அறுபது ஆண்டு, இடஒதுக்கீட்டுக்கு இரண்டு மாதம்! இரண்டும் ஒரே நான்காம் பகுதியில் இருந்தவைதான். கேட்கும் மக்கள் இருந்தார்களா என்பதே வேறுபாடு.

உணவும் அப்படித்தான். ஊட்டச்சத்தை உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்று என்கிறது பிரிவு 47. எந்த நீதிமன்றமும் சொல்லாமல் 1956-இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். ராஜஸ்தானில் வறட்சி, அரசுக் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடக்கிறது என்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) 2001-இல் தொடுத்த வழக்கில், எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு, குறைந்தது 300 கலோரி, ஆண்டுக்கு 200 நாள் என்று அந்த நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு நடக்கக்கூடியதுதான் என்பதற்கு இங்கே எரிந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான அடுப்புகள் சாட்சி. சட்டமன்றமும் சமையலறையும் முன்னால் போயிருந்தன. நீதிமன்றம் பின்னால் வந்து அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது.

அதனால்தான் எல்லாவற்றையும் வழக்காக்குவதில் எனக்குத் தயக்கம். தென்னாப்பிரிக்கா 1996-இல் வீட்டுவசதியை நீதிமன்றம் செல்லத்தக்க உரிமையாக எழுதியது. 2000-இல் ஐரீன் குரூட்பூம் என்ற வீடற்ற பெண் வழக்கில் வென்றார். உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு அது. 2008-இல் அவர் இறந்தபோது தகரக் குடிசையில்தான் இருந்தார். தீர்ப்பு வீணென்று சொல்லவில்லை. நிதி ஒதுக்கவும் வீடு கட்டவும் ஆளில்லாத இடத்தில் தீர்ப்பும் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது.

நீக்கிவிடலாம் என்பதை முழுதாக மறுக்கிறேன். 1980-இல் மினர்வா மில்ஸ் தீர்ப்பு, அடிப்படை உரிமைகளுக்கும் நெறிமுறைகளுக்கும் இடையிலான சமநிலையை, திருத்தத்தாலும் அழிக்க முடியாத அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்றது. ஒன்றை எடுத்தால் மற்றது நிற்காது. பொது உரிமையியல் சட்டத்துக்காகப் பிரிவு 44-ஐயும் பசுவுக்காகப் பிரிவு 48-ஐயும் மேடைதோறும் முழங்குகிறவர்கள், செல்வம் சிலர் கையில் குவியக் கூடாது என்னும் பிரிவு 39-ஐ அதே மேடையில் வாசிக்க வேண்டும் என்று கேளுங்கள். அதைக் கேட்பதற்காகவாவது அந்தப் பக்கங்கள் அங்கே இருக்க வேண்டும்.

நான்காம் பகுதியில் உண்மையிலேயே குறையாக எனக்குப் படுவது வேறு. எந்த நெறிமுறை எவ்வளவு நிறைவேறியது என்று ஆண்டுதோறும் அவையில் அறிக்கை வைக்கும் கடமை யாருக்கும் விதிக்கப்படவில்லை. 1960-இல் கெடு முடிந்தது ஒரு செய்தியாகக்கூட ஆகாமல் போனதற்கு அதுவும் காரணம். இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. ஒரு மாநிலம் தானே சட்டம் இயற்றலாம். தமிழ்நாடு முதலில் செய்யட்டும். நிதிநிலை அறிக்கையோடு ஒரு நான்காம் பகுதி அறிக்கை: ஆறு வயதுக்குட்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அங்கன்வாடி எட்டியது, அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியத்துக்கும் வாழப் போதுமான கூலிக்கும் எவ்வளவு இடைவெளி, ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர், ஆலை நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பைச் சொல்லும் பிரிவு 43ஏ எத்தனை ஆலைகளில் நடைமுறையில் இருக்கிறது. இப்படி ஒரு சட்ட முன்வரைவை உங்கள் கல்லூரியில் நண்பர்களோடு சேர்ந்து எழுதிப் பாருங்கள். எழுதினால் எனக்கு அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.