வயதானவர்களுக்கு மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைவதால் வரும் பாதிப்பைத் தடுக்க முடியுமா?

முழுசாகத் தடுக்க முடியாது, நிறையவே தள்ளிப்போடலாம். பிரஷர் மாத்திரையை விடாமல் போடுவதுதான் அதில் முதல் வேலை. நான் டாக்டர் இல்லை, அப்பாவைப் பார்த்துக்கொள்கிற மகன்.

அப்பாவுக்கு 71 வயது, திருவாரூர் பக்கம் விவசாயம். மூட்டைக் கணக்கை மனசிலேயே போட்டுச் சொல்கிறவர், போன வருஷம் ஒருநாள் நடவுக்கூலி கொடுக்கும்போது ரூபாய்த் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே நின்றார். பெயர், ஊர், பழைய கதை எதுவும் மறக்கவில்லை. யோசிப்பதும் நடப்பதும்தான் மெதுவாகிவிட்டது, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தார். வயசாச்சு என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் மூளையின் ஆழத்தில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். அந்தப் பகுதிக்கு ரத்தம் போவது நூல் மாதிரியான குழாய்களில், வருஷக்கணக்கில் பிரஷர் ஏறியே கிடந்தால் அவற்றின் சுவர் தடித்து உள்வழி சுருங்கிவிடும் என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள், "கடைமடைக்குத் தண்ணி வரல, அதானே?" என்றார் அப்பா. அதேதான்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. 130/80 காட்டியதும் "நார்மலாயிடுச்சே" என்று இரண்டு வருஷமாக மாத்திரையை நிறுத்தியிருக்கிறார், வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. மாத்திரை போட்டதால்தானே நார்மல்!

2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, ஸ்பிரின்ட் மைண்ட் என்று பெயர், 50 வயது தாண்டிய 9,361 பேரை வைத்துச் செய்தது. பிரஷரின் மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர வைத்தியம் பார்த்தவர்களுக்கு, 140க்குள் இருந்தால் போதும் என்று பார்த்தவர்களைவிட லேசான அறிவுத்திறன் குறைவு சுமார் 19 சதவீதம் குறைவாக வந்தது. அன்றாட வேலையையே முடக்கும் அளவுக்கு அறிவுத்திறன் மங்கிவிடுகிற டிமென்ஷியாவே குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. அதற்காக நீங்களாக டோஸைக் கூட்டாதீர்கள், எழுந்ததும் தலைசுற்றி விழுந்தால் இடுப்பு உடையும். அப்பாவுக்கு நிற்க வைத்தும் அளந்து பார்த்த பிறகுதான் டாக்டர் டோஸை முடிவு செய்தார்.

சர்க்கரை, பீடி, ஊறுகாய் எல்லாம் உங்களுக்கே தெரியும். ஞாபகசக்திக்கு என்று விற்கிற ஜின்கோ என்ற மூலிகையை 3,069 முதியவர்களிடம் சோதித்து 2008இல் முடிவு சொன்னார்கள், டிமென்ஷியாவை அது தடுக்கவில்லை. அம்மா வல்லாரைத் துவையல் அரைக்கிறார், ருசிக்காகச் சாப்பிடுகிறோம்.

அப்புறம், வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ, சில நிமிஷத்தில் சரியாகிவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான் கணக்கு.

இப்போது தினமும் காலையில் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு அப்பாவே பிரஷர் பார்த்து நெல் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதுகிறார். கூலிக் கணக்கு மட்டும் என்னிடம் வந்துவிட்டது.