களுவாஞ்சிகுடியில் ஒரு பாண்ட்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் களுவாஞ்சிகுடியில் முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறேன். கிற்றார் வாசித்துப் பாடுவேன். சொந்தமாக எட்டு ஒன்பது பாட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், அவற்றைச் சேர்ந்து வாசிக்க ஒரு பாண்ட் வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 'ட்றம்ஸ், பேஸ் கிற்றார், லீட் கிற்றார், கீபோட் வாசிப்பவர்கள் தேவை' என்று முகநூலில் போட்டேன். நிறையப் பேர் லைக் போட்டார்கள், வந்தது இரண்டே பேர். ஒருவர் சினிமாப் பாட்டு மட்டும்தான் வாசிப்பேன் என்றார். ட்றம்ஸ் வாசித்த தம்பி மூன்று கிழமை வந்துவிட்டுத் திருவிழாக் கோஷ்டி ஒன்றோடு போய்விட்டார். 'பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை' என்று வீட்டிலும் கதை. கொழும்புக்குப் போனால்தான் இது சரிவரும் என்கிறாள் என் நண்பி. நம் பக்கத்தில் உண்மையிலேயே ஆள் இல்லையா? எங்கே தேடுவது? இரண்டு பாட்டை போனில் பதிந்து அனுப்பியிருக்கிறேன்.

வாசகி, களுவாஞ்சிகுடி
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சி,

இரண்டு பாட்டையும் கேட்டேன். இரண்டாவது பாட்டை அன்றைக்கே திரும்பவும் கேட்டேன். இதற்கு ஆள் சேரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆள் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் கேட்ட வாத்தியங்களில் சிலவற்றுக்கு ஆள் குறைவு, அது உண்மை. பேஸ் கிற்றார் வாங்கிப் பழகுகிறவர்கள் நம் பக்கம் அரிது. ட்றம்ஸ் செட் விலையும் கூட, இடமும் கூட, வீட்டில் அடித்தால் அயல் முழுக்கக் கேட்கும். அதனால்தான் நம் கோஷ்டிகளில் ஒக்டபாட் என்கிற மின்தாளப் பலகை நிலைத்தது. சின்ன மேசை அளவு இடத்தில் எட்டுத் தட்டு, ஹெட்போன் போட்டுக்கொண்டு இரவிலும் பழகலாம். நீங்கள் வாத்தியங்களின் பட்டியலை முதலில் போட்டுவிட்டு ஆளைத் தேடியிருக்கிறீர்கள். இதை மாற்றிச் செய்யுங்கள். நம் ஊர்களில் இப்போதே கிழமைதோறும் வாசித்துக்கொண்டிருப்பவர்கள் யார் என்று பாருங்கள். அவர்களில் உங்கள் பாட்டு பிடித்தவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் என்ன சத்தம் வருகிறதோ அதுதான் உங்கள் பாண்ட்.

முதலில் கல்லடிக்குப் போங்கள். சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வாய்ப்பாட்டும் வயலினும் வீணையும் மிருதங்கமும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பல மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள், பட்டம் முடிந்ததும் பலர் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஆரையம்பதி, கல்முனை, காரைதீவு என்று உங்கள் பஸ் போகும் வழியில் வீடு உள்ளவராகப் பார்த்துக் கேளுங்கள்.

அதைவிடப் பெரிய கூட்டம் வீடுகளுக்குள் இருக்கிறது. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் நாலாம் தரம், ஐந்தாம் தரம் வரை சித்தியடைந்து, உயர்தரம் நெருங்கியதும் வயலினைப் பெட்டியில் வைத்து மூடியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. இப்போது ஒருவர் வங்கியில் இருப்பார், இன்னொருவர் கைக்குழந்தையோடு இருப்பார். இவர்கள் தங்களை இசைக்கலைஞர் என்று சொல்லிக்கொள்வதில்லை, அதனால் உங்கள் அறிவித்தல் கண்ணில் பட்டாலும் அது தங்களுக்கு என்று நினைக்க மாட்டார்கள். இவர்களை எல்லாம் நினைவு வைத்திருப்பவர் பாடசாலைச் சங்கீத ரீச்சர். களுவாஞ்சிகுடி, பெரியகல்லாறு, கல்முனை, காரைதீவுப் பாடசாலைகளில் சங்கீதம் படிப்பிக்கும் ரீச்சர்மாரிடம் போய், 'நல்லா வாசிச்சு, பிறகு விட்டவங்க யார் ரீச்சர்?' என்று கேளுங்கள். ஆள் தேடுவதற்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. விட்டவருக்குள் அந்த ஏக்கம் போகாது. யாராவது வந்து கேட்டால் போதும் என்றுதான் பலர் இருக்கிறார்கள்.

கர்நாடக முறையில் படித்தவரோடு உட்காரும்போது சுருதியை முதலே தீர்த்துவிடுங்கள். அவர்கள் வயலினின் நாலு தந்தியையும் பாடுகிறவரின் சுருதிக்கு ச-ப-ச-ப என்று கூட்டுவார்கள். மேலைத்தேய முறையில் படித்தவரின் வயலின் எப்போதும் ஜீ-டீ-ஏ-ஈ. மிருதங்கத்தை ஒரு சுருதிக்குக் கூட்டினால் ஏறக்குறைய அரைச்சுரம் மேலே கீழே நகர்த்தலாம், அதற்கு அப்பால் வேறு மிருதங்கம் வேண்டும். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். உங்கள் முதற்பாட்டு ஐந்து கட்டை (ஜீ), இரண்டாவது மூன்று கட்டை (ஈ). உங்களுக்கு அது கிற்றார்க் கழுத்தில் மாட்டுகிற கேப்போக் கவ்வியை நகர்த்துகிற வேலை மட்டும். மிருதங்கக்காரருக்கோ பாட்டுக்குப் பாட்டு கல்லை எடுத்துத் தட்டினாலும் எட்டாத தூரம். முதல் ஐந்து பாட்டையும் ஐந்து கட்டையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஈ மேஜர் பிடித்தால் ஐந்து கட்டை வந்துவிடும். எல்லாமே ஒரே சுருதி என்றால் அலுக்காதா என்று பயப்பட வேண்டாம். இரண்டரை மணி நேரக் கச்சேரி முழுவதையும் ஒரே சுருதியில்தானே பாடுகிறார்கள்? ராகமும் தாளமும் மாறுகிறபோது யாருக்கும் அலுப்பதில்லை.

கோட்ஸ் (chords) தெரிந்தவர் தேவாலயப் பாடகர் குழுக்களில் கிடைப்பார். கல்லாறு, கல்முனை, மட்டக்களப்பு நகரம் எங்கும் கத்தோலிக்க, மெதடிஸ்த சபைகளில் ஞாயிறு தவறாமல் கீபோட்டும் கிற்றாரும் வாசிக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். பாடுகிறவர்களை மூடாமல் அடக்கி வாசிக்கப் பழகியவர்கள் அவர்கள். உங்கள் மாதிரிச் சொல் முக்கியமான பாட்டுக்கு இந்தப் பழக்கம் பெரிய சொத்து. நல்ல கீபோட்காரர் ஒருவர் கிடைத்தால் பேஸ் கிற்றார் தேடுவதை விட்டுவிடுங்கள், அவருடைய இடது கை அந்த வேலையைச் செய்யும்.

உங்கள் இரண்டாவது பாட்டு ஆறு-எட்டு (6/8) தாள நடையில் போகிறது. அதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அது நம் மண்ணில் ஊறின நடை. போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாண வீடுகளில் ஆடுகிற கஃப்ரிஞ்ஞாவின் நடை அது. பைலாவும் கஃப்ரிஞ்ஞாவிலிருந்து வந்ததுதான். 1970களில் இலங்கைத் தமிழ்ப் பொப் பாட்டுகள் வீடு வீடாகப் பரவியபோது அவற்றில் பல இந்த நடையிலேயே துள்ளின. நகரத்தில் பறங்கியர் ஒன்றியம் இருக்கிறது. அந்தச் சமூகத்தில் வயலின் பிடிக்கிற பெரியவர் ஒருவரிடம் போய் அந்தப் பாட்டை ஒருதரம் போட்டுக் காட்டுங்கள். அவர் பாண்டில் சேராவிட்டாலும் பரவாயில்லை. வில்லை அந்தத் தாளத்துக்கு எப்படி இழுப்பது என்று உங்கள் வயலின்காரருக்கு ஒரு பின்னேரம் காட்டித் தந்தாலே பாட்டு நிமிர்ந்துவிடும்.

மத்தளத்தையும் யோசியுங்கள். வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரையில் இன்னும் கூத்துப் பழகுகிறார்கள், கூத்தாடக் களரி கட்டுகிறார்கள். மத்தளக்காரரிடம் போகும்போது ட்றம்ஸ் கிடைக்கவில்லை, அதனால் வந்தேன் என்ற நினைப்போடு போகக்கூடாது. வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்துக்கும் விடிய விடிய அடித்த கை அது. பாத்திரத்தின் வரவுக்கு ஒரு அடி, தரு என்கிற பாட்டுக்கு ஒரு அடி, சண்டைக்கு ஒரு அடி என்று கதையையே தாளத்தில் நடத்தத் தெரிந்தவர். முதலில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரைக் கண்டு கதையுங்கள், அவர் சம்மதத்தோடு பழகுகிற பொடியன் ஒருவரைக் கேளுங்கள். மண்டூர்ப் பக்கம் என்றால் ஆற்றைக் கடந்து குருமண்வெளியில் இறங்கினால் உங்கள் ஊர் கிட்ட. வந்துபோகும் செலவை அவர் கேட்கும் முன்னரே கொடுத்துவிடுங்கள். மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கம் றபான் என்கிற தோல் வாத்தியம் அடிக்கத் தெரிந்தவர்களும் இருப்பார்கள். பாட்டு அதைக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

திருவிழாக் கோஷ்டியோடு போன தம்பி மேல் கோபம் வேண்டாம். ஒரு இரவு வாசித்தால் அவர் கையில் காசு வருகிறது, வீட்டுக்கு அது தேவைப்படலாம். அவரை மார்கழியில் கூப்பிடுங்கள். கல்யாணம் வைக்காத மாதம், கோஷ்டிக்காரர்களுக்கு வேலை குறைவு. மாரிமழையில் வீதி வெள்ளமாக இருந்தால் ஒன்றிரண்டு நாள் தவறும், அவ்வளவுதான். தேவாலயத்து ஆட்கள் அந்த நேரம் கரோல் பாடி ஓடித் திரிவார்கள், அவர்களைத் தை பிறந்த பிறகு பிடிக்கலாம். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு, ஆடியில் மாமாங்கக் கோயில் திருவிழா. நம் ஊரில் வாசிக்கிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கோயிலுக்கோ சபைக்கோ களரிக்கோ கடமைப்பட்டவர்கள். 'அதை விட்டுவிட்டு என்னோடு வா' என்று கேட்டால் யாரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது. அந்த நாட்களைக் கலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு மிச்ச நாட்களைக் கேளுங்கள்.

அறிவித்தலை மாற்றி எழுதுங்கள். வாத்தியப் பெயருக்குப் பதில் உங்கள் பாட்டையே போடுங்கள், ஒரு நிமிடம் போதும். அதன் கீழே இடம், கிழமை, நேரம், சொந்தப் பாட்டு மட்டும், இப்போதைக்குச் சம்பளம் இல்லை, பஸ் காசு உண்டு என்று தெளிவாக எழுதுங்கள். சினிமாப் பாட்டுத்தான் வாசிப்பேன் என்பவர் அதைப் படித்துவிட்டு வராமல் விடுவார், இரண்டு பேருக்கும் நல்லது.

வருகிறவரைப் பரீட்சை வைத்துப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு பாட்டைச் சுருதி, வேகம் சொல்லி ஒரு கிழமைக்கு முன்னரே வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அன்றைக்கு இரண்டு மணி நேரம் அந்தப் பாட்டையே வாசியுங்கள். நீங்கள் பாடும்போது அவர் தன் சத்தத்தைக் குறைக்கிறாரா? பிழை வந்தால் நின்று கேட்கிறாரா, இன்னும் பலமாக அடிக்கிறாரா? மூன்று தடவை இப்படிச் சந்தித்த பிறகு, தொடர்ந்து வருவீர்களா என்று கேளுங்கள். விரல் வேகம் பழகப் பழக வரும். கேட்கிற காது இல்லாதவரோடு ஒரு வருடம் போனாலும் பாட்டு சேராது.

இடத்துக்கு உங்கள் முன்பள்ளி நிர்வாகத்தைக் கேட்டுப் பாருங்கள். ஞாயிறு காலை தேவாலயமும் அறநெறிப் பாடசாலையும் இருக்கும், பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை எல்லோருக்கும் தோதான நேரம், வெளிச்சம் போகுமுன் பஸ்ஸும் பிடிக்கலாம். மாதம் ஒருமுறை போயா விடுமுறை வருகிறது, அது முழுநாள் பழக நல்ல நாள். சுவரில் முட்டைத் தட்டு ஒட்டச் சொல்வார்கள். அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிரச் சத்தத்தை வெளியே போகாமல் மறிக்காது. அந்தக் காசுக்கு ஒரு செட் கிற்றார் தந்தி வாங்குங்கள்.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். குளிர்த்தியிலும் திருவெம்பாவையிலும் நம் பெண்கள் பாடுகிறார்கள், யாரும் குறை சொல்வதில்லை. ஒரு பெண் குழுவை நடத்துவதுதான் சிலருக்குப் பொறுக்கவில்லை. முதல் சில ஞாயிறு அம்மாவையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு போங்கள், பாட்டைக் கேட்கட்டும், வந்தவர்களைப் பார்க்கட்டும். ஆனால் நாள் குறிப்பதும் பாட்டைத் தெரிவதும் காசைப் பிரிப்பதும் உங்கள் கையிலேயே இருக்கவேண்டும். 'நீ பாடு, மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம்' என்று யார் அன்பாகச் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். சொல்லும் மெட்டும் உங்களுடையவை என்பதை முதல் மேடைக்கு முன்னரே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது, இருந்தாலும் நண்பர்களுக்கிடையில் ஒரு தாள் இருந்தால் மனக்கசப்பு வராது.

கொழும்புக்கு வேலைக்காகப் போவதென்றால் போங்கள். பாண்டுக்காகப் போகவேண்டாம். களுவாஞ்சிகுடி மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் நடுவில், பிரதான வீதியில் இருக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் பஸ்ஸில் வரலாம், படுவான்கரையும் அக்கரையில்தான். நான் மேலே சொன்ன அத்தனை பேரும் ஒரு பின்னேரம் வந்துபோகக்கூடிய தூரத்தில் இருக்கிறார்கள்.

எனக்கு அறிமுகமான சங்கீத ஆசிரியர்கள் இரண்டு பேர் கல்லடிப் பக்கம் இருக்கிறார்கள். உங்கள் மின்னஞ்சலையும் அந்த இரண்டாவது பாட்டையும் அவர்களுக்கு அனுப்பலாமா? சம்மதம் என்றால் ஒரு வரி எழுதுங்கள், இந்தக் கிழமையே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணா