வெள்ளிக் கூஜாவும் கைவிலங்கும்

கேள்வி: ஓவியக் கண்காட்சிகளில் ஓவியர் பெயரோடு ‘கியூரேட்டர்’ (எதைக் காட்டுவது, எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவர்) என்று இன்னொருவர் பெயரையும் போடுகிறார்கள். வரைந்தவருக்குப் பெயர் சரி, மாட்டிவைத்தவருக்கும் பெயரா? கேட்டால் அவர்களால் சமூக மாற்றம் வரும் என்கிறார்களே?
- திருச்சி வாசகர்

பதில்: ஆணி அடித்து மாட்டுவதோடு வேலை முடிந்தால் நீங்கள் கேட்பது நியாயம்தான். எதை எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1992-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பால்டிமோர் நகரில், மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகக் கிடங்கை ஃப்ரெட் வில்சன் என்ற கறுப்பினக் கலைஞருக்குத் திறந்துவிட்டார்கள். அவர் செய்தது முழுக்க கியூரேட்டர் வேலை. காட்டியவற்றில் பெரும்பாலானவை அங்கே ஏற்கெனவே கிடந்த பொருள்கள். ஒரு கண்ணாடிப் பேழையில் பூவேலை செய்த வெள்ளிக் கூஜாக்கள், கோப்பைகள். நடுவே, அடிமைகளுக்குப் பூட்டிய துருப்பிடித்த இரும்பு விலங்கு. குறிப்பு அட்டையில் ‘உலோக வேலை, 1793–1880’ என்று மட்டும். கூஜா வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்று அதற்கப்புறம் யாரும் விளக்க வேண்டியதில்லை. (சுவர் முழுக்க உபதேசம் எழுதி ஒட்டும் கியூரேட்டர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.)

இன்னோர் இடத்தில் அழகான பழைய நாற்காலிகள், ஏதோ கச்சேரி கேட்க உட்கார்ந்தமாதிரி ஒரே பக்கம் பார்த்து நின்றன. எதிரே இருந்தது ஆட்களைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கும் மரத்தூண். அதுவும் தச்சு வேலைதானே!

வாசலருகே நெப்போலியன், அமெரிக்க அரசியல்வாதி ஹென்றி கிளே, அமெரிக்க அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன் மூவரின் மார்பளவுச் சிலைகள். மூவரில் ஒருவர்கூட மேரிலாந்துக்காரர் இல்லை. பக்கத்தில் மூன்று வெறும் பீடங்கள். அவற்றில் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஹாரியட் டப்மன், ஃப்ரெடரிக் டக்ளஸ், வானியல் அறிஞர் பெஞ்சமின் பேனக்கர் ஆகியோரின் பெயர்கள் மட்டும் இருந்தன. மூவரும் அந்த மண்ணிலேயே பிறந்த கறுப்பினத்தவர்கள். சங்கத்திடம் அவர்களுக்குச் சிலை இல்லை.

இதனால் அமெரிக்கா திருந்திவிட்டதா என்றால், இல்லை. ஆனால், கிடங்கில் எதைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள், ஏன் என்று கேட்டால் அருங்காட்சியகங்கள் முன்போல் மழுப்ப முடிவதில்லை. சட்டம் போடுவது கியூரேட்டரின் வேலை இல்லையே. அவரிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.

கேள்வி: கியூரேட்டராக ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டுமா?
- மதுரை வாசகி

பதில்: கட்டாயமில்லை. நைஜீரியாவில் பிறந்த ஒக்வி என்வேசோர் படித்தது அரசியல் அறிவியல், கவிதையும் எழுதியவர். ஜெர்மனியின் காசல் நகரில் நடக்கும் ‘டாக்குமெண்டா’ என்ற நவீனக் கலைக் கண்காட்சியை 2002-இல் தலைமையேற்று நடத்தினார். ஐரோப்பியர் அல்லாத ஒருவருக்கு அந்தப் பொறுப்பு கிடைத்தது அதுதான் முதல் தடவை. காசலில் கதவு திறக்கும் முன்பே ஊர் ஊராக விவாதக் கூட்டங்கள் நடத்தினார். 2001-இல் டெல்லியில் நடந்ததும் அதில் ஒன்று. அங்கே பேசப்பட்டது ஓவியத்தைப் பற்றி அல்ல, கொடுமைகளைக் கடந்து வந்த நாடுகளில் நீதி கிடைப்பது எப்படி என்பதைப் பற்றி.