கண்ணாடியைத் தேட இரண்டு நிமிடம் இல்லையா?

கேள்வி: அப்பாவின் பெயரில் இருந்த அல்டோ காரை, கார் சேல் வைத்திருக்கும் தெரிந்த ஒருவருக்கு 32 இலட்சத்துக்குக் கொடுத்தோம். 7 இலட்சம் காசாகத் தந்தார். மிச்சம் 25 இலட்சத்துக்கு இரண்டு கிழமை தள்ளித் திகதி போட்டு என் பெயரில் செக் எழுதினார். அப்பாவால் வங்கிக்கு அலைய முடியாது என்பதால் அப்படி எழுதச் சொன்னேன். கொடுத்தது ஓபன் பேப்பரில், அதாவது வாங்குபவரின் பெயரை நிரப்பாத உரிமை மாற்றப் படிவத்தில். அப்பா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார், கார் சேல்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தியதால் நானே இடத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். செக் திரும்பிவிட்டது. செக்கின் திகதி கடந்து ஐந்து மாதமாகிறது. கேட்டால், காரை வாங்கிய ஆளுக்கு லீசிங் காசு இன்னும் வரவில்லை என்கிறார். அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர், 78 வயது, இருதய வருத்தம் உள்ளவர். அவருக்குத் தெரியாமல் இந்தக் காசை வாங்க ஏதாவது வழி உண்டா?
— ஒரு மகள், கொக்குவில்

பதில்: இல்லை, தங்கச்சி. இருந்தாலும் சொல்லித்தர மாட்டேன்.

செக் திரும்பிய கதையோடு வரும் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. கார், மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம் என்று பொருள்தான் மாறும், மிச்சம் எல்லாம் ஒன்றுதான். அதனால் உங்கள் 25 இலட்சத்தை வாசித்துவிட்டுக் கடந்து போய்விட்டேன். அந்தக் கண்ணாடியைத்தான் கடக்க முடியவில்லை.

உங்கள் அப்பா தபாலதிபர். வேலைக்காலம் முழுக்க, காசுக்கட்டளையோடு வந்தவரின் அடையாள அட்டையைப் பார்த்து, போட்ட கையெழுத்தைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் லாச்சியைத் திறந்திருப்பார். அப்படிப்பட்டவரிடம், வாங்குபவரின் பெயர் எழுதவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்த ஒரு தாளை நீட்டி, இங்கே போடுங்கள் என்று விரலால் காட்டியிருக்கிறீர்கள். கண்ணாடி மட்டும் மூக்கில் இருந்திருந்தால் அவர் முதலில் கேட்டிருக்கப் போவது, “பிள்ளை, ஆருக்கு விக்கிறம்?” என்றுதான். அந்த ஒரு கேள்வி உங்கள் 25 இலட்சத்தைக் காப்பாற்றியிருக்கும்.

அவசரப்படுத்தினார் என்கிறீர்கள். யாருக்கு அவசரம்? கார் உங்கள் முற்றத்தில் நின்றது, காரின் பதிவுப் புத்தகம் உங்கள் அலுமாரியில் இருந்தது. வந்தவர்தான் முழுக் காசும் இல்லாமல் வந்தவர். கண்ணாடி பேப்பருக்கு அடியிலோ தலையணைக்குப் பக்கத்திலோ கிடந்திருக்கும், தேட இரண்டு நிமிடம். நீங்கள் ஏன் தேடவில்லை என்று சொல்லட்டுமா? அப்பா வாசித்தால் கேள்வி கேட்பார். தெரிந்த ஆளுக்கு முன்னால் அது உங்களுக்கு வெட்கமாகப் போய்விடும்.

நம் வீடுகளில் இது ஒரு வழக்கமாகவே வந்துவிட்டது. வயது போனவர்களின் கையெழுத்து மட்டும் வேண்டும், அவர்களுடைய கருத்து வேண்டாம். காணி உறுதி என்றாலும் சரி, வங்கிப் படிவம் என்றாலும் சரி, ‘அப்பாவுக்கு ஏன் கரைச்சல்’ என்று சொல்லிக்கொண்டே அவருடைய பெயரை எடுத்துப் பாவிக்கிறோம். இதைப் பாசம் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் யாரும் வரவேண்டாம்.

சரி, ஓபன் பேப்பருக்கு வருகிறேன். கார் சேல்காரர் உங்கள் காரைத் தன் பெயருக்கு மாற்றப் போவதே இல்லை. மாற்றினால் அவருக்குச் செலவு, புத்தகத்தில் இன்னொரு சொந்தக்காரரும் கூடிவிடுவார், அடுத்தவரிடம் கேட்கும் விலை இறங்கும். அதனால் உங்கள் அப்பாவின் கையெழுத்தோடு தாளை வைத்திருந்து, கடைசியாக வாங்குகிறவரின் பெயரை நிரப்புவார். அதுவரை அவருடைய வியாபாரத்துக்கு முதல் போட்டிருப்பது நீங்கள். லீசிங் காசு வரவில்லை என்ற கதையின் அர்த்தமும் அதுதான். லீசிங்கில் போகிற கார் என்றால் வாங்கியவரின் பெயரோடு லீசிங் கம்பெனியின் பெயரும் புத்தகத்தில் ஏறவேண்டும். நாளைக்கே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து, இப்போது யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பெயர் மாறி லீசிங்கும் ஏறியிருந்தால் அவர் உங்களுக்குச் சொல்வது பொய். மாறவில்லை என்றால் இன்னும் மோசம், இந்த நிமிடம் வரைக்கும் அந்தக் கார் உங்கள் அப்பாவின் கார்.

என் சித்தப்பா ஒரு மோட்டார் சைக்கிளை இப்படித்தான் கொடுத்தார். மூன்று வருடம் கழித்து ஒரு விடியற்காலை படலையில் பொலிஸ். யாரோ யாரையோ மோதிவிட்டு ஓடியிருக்கிறார்கள், புத்தகத்தில் இருந்தது சித்தப்பாவின் பெயர். விற்றதைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. சாரத்தோடு நின்று, விற்றுவிட்டேன், விற்றுவிட்டேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது இன்னும் என் காதில் இருக்கிறது. காரை ஒப்படைத்த திகதி, நேரம், வாங்கியவரின் அடையாள அட்டை இலக்கம், இவற்றை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வாகனம் கைமாறினால் 14 நாளுக்குள் பழைய சொந்தக்காரரும் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். அதையும் செய்திருக்க மாட்டீர்கள்.

முந்தி வாய்ச்சொல்லிலேயே கார் விற்றார்களே என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொல்வார்கள். விற்றார்கள்தான். 1990க்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில், நாலு சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய ஒஸ்டின் ஏ40 கார்கள் அப்படிக் கைமாறின. வாங்கியவர் அதே ஒழுங்கையில் இருந்தார், காசு தராவிட்டால் கோயில் வீதியில் முகம் கொடுத்துக் கதைக்க முடியாது. உங்கள் கார் சேல்காரருக்கு அப்படி ஏதாவது வெட்கம் இருந்திருந்தால் ஐந்து மாதம் போயிருக்காது.

இப்போது, அப்பாவுக்குத் தெரியாமல் ஏன் முடியாது என்று பாருங்கள். செக் உங்கள் பெயரில். கார் அவருடைய பெயரில். செக்கைப் பற்றி நீங்கள் முறைப்பாடு செய்யலாம். ஆனால் காரை விற்றவர் அவர். இன்ன ஆளிடம் இன்ன நாளில் கொடுத்தேன் என்று பொலிஸிலும் திணைக்களத்திலும் சொல்லவேண்டியது அவர்தான். நீங்கள் தனியாகப் போய் நின்றால், இந்தச் செக் எதற்காக எழுதியது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பதில் அப்பாவிடம் போய்த்தான் முடியும். அந்த வசதிக்காக உங்கள் பெயரில் எழுதுவித்தீர்களே, அதுவே இப்போது உங்கள் காலைச் சுற்றி நிற்கிறது.

செக்கோடு வங்கி தந்த துண்டைத் தொலைக்காமல் வையுங்கள். ஏன் திரும்பியது என்று அதில்தான் இருக்கிறது. செக்கின் திகதியிலிருந்து 6 மாதம் கடந்தால் வங்கி அதை மறுபடி ஏற்காது, உங்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரு மாதம். இன்னும் ஒரு கிழமை, இன்னும் ஒரு கிழமை என்று அவர் இழுப்பதற்கு அர்த்தம் விளங்குகிறதா? கணக்கில் காசு இல்லை என்று தெரிந்துகொண்டே செக் எழுதுவது, 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் குற்றம். முன்கூட்டியே திகதி போட்ட செக் என்பதால் அவர் பக்கத்தில் ஏதாவது வாதம் வைப்பார்கள், அது உங்கள் சட்டத்தரணியின் தலையிடி. முதலில் சட்டத்தரணி மூலமாக ஒரு கோரிக்கைக் கடிதம், பதிவுத் தபாலில். தொலைபேசியில் கதைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அவர் அனுப்பிய செய்திகளை அழிக்கவேண்டாம்.

அப்பாவின் இருதயம் தாங்காது என்கிறீர்கள். விற்ற காரின் காசு எங்கே என்று ஐந்து மாதமாக ஒரு தபாலதிபர் யோசிக்காமல் இருந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அவர் கேட்காமல் இருப்பது உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான். அவருடைய வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சொல்லாமல் விடுவதற்குத்தான் ஆட்சேபணை. படலையில் பொலிஸ் வந்து சொல்வதைவிட மகள் சொல்வது அந்த இருதயத்துக்கு நல்லது.

பின்னேரத் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு பக்கத்தில் போய் இருங்கள். கண்ணாடியை நீங்களே தேடி எடுத்து, துடைத்து, கையில் கொடுங்கள். அதற்குப் பிறகு செக்கையும் வங்கித் துண்டையும் கொடுங்கள். அவர் வாசித்து முடிக்கும் வரை வாய் திறக்கவேண்டாம். ஏசினால் கேளுங்கள். சட்டத்தரணியிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓட்டோ பிடிக்கத்தான் வேண்டும், கார்தான் இல்லையே.