கை நிற்கும் இடம்

வணக்கம் சார்,

எனக்கு வயது 38. திருச்சியில் வங்கி வேலை. இரண்டு வருடமாக கிட்டார் பழகுகிறேன். முதல் ஆறு மாதம் ஒரு மாஸ்டரிடம் போனேன், பிறகு யூடியூப்தான். சி, ஜி, டி, ஏ மைனர், இ மைனர் எல்லாம் வரும். முப்பது நாற்பது பாட்டுக்கு கார்ட் தெரியும். தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் உட்காருகிறேன். ஆனாலும் ஒரு வருடமாக அதே இடத்தில் நிற்கிறேன். எஃப் கார்ட் இன்னும் ‘டப் டப்’ என்றுதான் கேட்கிறது. ஹெட்ஃபோனில் பாட்டைப் போட்டு கூடவே வாசித்தால் நன்றாக வருகிறது. பாட்டை நிறுத்திவிட்டு வாசித்தால் என்ன பாட்டு என்று என் மனைவிக்கே தெரிவதில்லை. அடுத்து ஸ்கேல் பழகலாமா, ஃபிங்கர்ஸ்டைலுக்குப் போகலாமா, கிரேடு பரீட்சை எழுதலாமா, எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கலாமா? இந்த வயதில் இதற்கு மேல் வராதோ என்றும் தோன்றுகிறது. ஒரு வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு முன்னால், மனைவிக்கே பாட்டு தெரிவதில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு நான் பதில் எழுதுவது அந்த ஒரு வரிக்காக. கிட்டார் பழகுகிறவர்கள் இரண்டாம் வருடத்தில் ஏன் கூட்டமாகத் தேங்கிவிடுகிறார்கள் என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். காரணத்தை நீங்களே எழுதி அனுப்பிவிட்டு, அதைக் கவனிக்காமல் கிட்டார் கடைக்கு வழி கேட்கிறீர்கள்.

வயதைப் பற்றிய புலம்பலை விட்டுவிடுங்கள். 38 வயதில் விரல் மடங்கும், நீளும், கற்றுக்கொள்ளும். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிறவர் இப்படிப் பேசக் கூடாது. எலெக்ட்ரிக் இப்போது வேண்டாம். பரீட்சை எழுத ஆசை இருந்தால் எழுதுங்கள். அதனால் கெடுதல் இல்லை, ஆனால் உங்கள் சிக்கல் அதில் தீராது.

எஃப் கார்டுக்கு (கார்ட் என்றால் பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பாதிப் பழி உங்கள் மேல் இல்லாமல் இருக்கலாம். ஆறாவது தந்தியை, அதாவது எல்லாவற்றிலும் தடித்ததை, மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு மயிரிழை இருந்தால் போதும். கண்ணுக்குப் பளிச்சென்று இடைவெளி தெரிந்தால் நட்டில், அதாவது கழுத்தின் தலைமாட்டில் தந்திகளைத் தாங்கும் பட்டையில், வெட்டிய பள்ளம் போதவில்லை. விலை குறைந்த கிட்டார்களில் இது சாதாரணம். முதல் ஃப்ரெட் நட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நட் உயர்ந்திருந்தால் அங்கே அழுத்தக் கூடுதல் பலம் வேண்டும். எஃப் விழுவது சரியாக அந்த ஃப்ரெட்டில். முதல் ஃப்ரெட்டில் எல்லாத் தந்தியையும் அழுத்தும் கேப்போ என்ற கவ்வியை மாட்டி அதே வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று சுலபமாகிவிட்டால் நட்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். கிட்டார் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்தால் அரம் போட்டுச் சரிசெய்வார். நீங்களே அரத்தை எடுக்காதீர்கள். பள்ளம் கூடிவிட்டால் தந்தி ஃப்ரெட்டில் தட்டி இரையும், அப்புறம் நட்டையே மாற்ற வேண்டியிருக்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது தந்தி ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். மூன்றரைக்கு மேல் என்றால் அதையும் இறக்கச் சொல்லுங்கள். தந்தி 12 கேஜ் செட்டாக இருந்தால் அதைவிட மெல்லிய 10 அல்லது 11 போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ‘டப்’ என்றால் விரலைப் பார்க்க வேண்டும். ஆள்காட்டி விரலின் சதைப்பற்றுள்ள அடிப்பக்கத்தை வைக்காமல், கட்டைவிரல் பக்கமாகச் சற்று உருட்டி எலும்பு ஓரத்தை வையுங்கள், ஃப்ரெட்டை ஒட்டினாற்போல். ஆறு தந்தியையும் அந்த விரல் அழுத்த வேண்டியதில்லை. ஐந்து, நான்கு, மூன்றாம் தந்திகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. அதன் பொறுப்பு ஆறாவதும், கடைசி இரண்டும்தான். கட்டைவிரலால் இடுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்கையின் எடையைப் பின்னால் இழுங்கள். முதலில் ஐந்தாவது ஃப்ரெட்டில் பழகி, சில நாளுக்கு ஒரு ஃப்ரெட்டாக இறங்கி வாருங்கள். அதுவரை நான்கு தந்தி எஃப் போதும். சி பிடித்திருக்கும்போது மோதிரவிரலும் நடுவிரலும் ஆளுக்கு ஒரு தந்தி மெல்லியதன் பக்கம் நகர்ந்து, ஆள்காட்டி விரல் படுத்து கடைசி இரண்டையும் மூடினால் அது எஃப்.

எஃப் அவ்வளவுதான். இனி உங்கள் வலது கைக்கு வருவோம்.

ஃபோனை எதிரே நிறுத்தி, பாட்டு ஓடாமல், நீங்கள் மட்டும் ஒரு பல்லவி வாசிப்பதைப் படம் பிடியுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு வலது கையை மட்டும் பாருங்கள். கார்ட் மாறும் ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கை நிற்கும். இடது கை இடத்துக்கு வந்து சேரட்டும் என்று கால் வினாடி, அரை வினாடி காத்திருக்கும், பிறகு வேகமாக ஓடிப் பிடிக்கும். பதிவோடு சேர்ந்து வாசிக்கும்போது இது தெரியாது, ஏனென்றால் காலத்தைக் காப்பது அதில் வாசிக்கும் டிரம்ஸ்காரர். நீங்கள் விட்ட இடத்தை அவர் நிரப்பிவிடுகிறார். அவரை நிறுத்தியதும் ஓட்டை வெளியே தெரிகிறது. உங்கள் மனைவியின் காதைக் குறை சொல்லாதீர்கள். தப்பான ஒரு கார்டைக் கேட்பவர் மன்னித்துவிடுவார். அடி தவறினால் அவருக்குப் பாட்டே தொலைந்துவிடுகிறது.

முப்பது நாற்பது பாட்டு தெரியும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. ஒரு பாட்டுகூட நிற்காமல் கடைசிவரை போகவில்லை என்றால் நாற்பது எதற்கு? ஒரே தப்பை நாற்பது முறை, நாற்பது பெயர்களில் பழகியிருக்கிறீர்கள். ஒரு வருடமாக ராத்திரிதோறும் கை நிற்பதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள், கையும் அதை நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் பாட்டு வகுப்புக்குப் போகிற எட்டு வயதுக் குழந்தைக்கு இது தெரியும். சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாட வைக்கிறார்கள். தொடையில் தட்டும் தாளம் மாறாது. அடிக்கு ஒரு ஸ்வரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. ஸ்வரம் தடுக்கினாலும் கை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதை நிறுத்தினால்தான் டீச்சர் அதட்டுவார். கிட்டாரைத் தொட்டதும் இந்தப் படிப்பு நமக்கு ஏன் மறந்துபோகிறது? மேல்நாட்டு வாத்தியத்துக்கு இதெல்லாம் தேவையில்லை என்று யார் சொன்னது?

அதையே செய்யுங்கள். இடது கை விரல்களைத் தந்திகளின் மேல் லேசாகப் படரவிட்டு, அழுத்தாமல், ஓசையை மட்டும் அடக்குங்கள். அடித்தால் ‘சக்’ என்று கேட்க வேண்டும். காலம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். முதல் காலம்: அடிக்கு ஒரு கீழ்வீச்சு. இரண்டாம் காலம்: கீழே ஒன்று, மேலே ஒன்று. மூன்றாம் காலத்துக்கு வாயால் ‘தகதிமி’ சொல்லுங்கள். த, தி இரண்டும் கீழே, க, மி இரண்டும் மேலே. வாய்விட்டே சொல்லுங்கள், மனசுக்குள் சொன்னால் மனசு ஏமாற்றும். கையில் பட்ட தண்ணீரை உதறுவதுபோல மணிக்கட்டிலிருந்து வீச வேண்டும், முழங்கையைக் கட்டை மாதிரி ஆட்டக் கூடாது. தந்தியை மீட்டும் பிக் 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் போதும். விரலுக்கு வெளியே நான்கைந்து மில்லிமீட்டர் மட்டும் நீண்டிருக்கட்டும். மேல்வீச்சில் மெல்லிய மூன்று தந்திகளைத் தடவினால் போதும், ஆறையும் வாரிக்கொண்டு வரக் கூடாது. கார்ட் எதுவும் இல்லாமல் பத்து நிமிடம் இப்படி. சலிக்கும். சலிக்கட்டும்.

பிறகு எல்லோரும் முதலில் கற்கிற அந்த அடி: கீழே, கீழே மேலே, மேலே கீழே மேலே. உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஆனால் நீங்கள் அதைத் தப்பாக வாசிக்கிறீர்கள் என்று பார்க்காமலே சொல்வேன். நடுவில் இரண்டு மேல்வீச்சு அடுத்தடுத்து வருகிறதல்லவா? அவற்றுக்கு இடையே மூன்றாவது எண்ணிக்கை விழுகிறது. அந்த மூன்றில் கை கீழே இறங்கியாக வேண்டும், தந்தியை மட்டும் தொடக் கூடாது. காற்றில் ஓர் அடி. தேங்கிப்போனவர்களில் பாதிப் பேரின் கை அந்த மூன்றில் மேலேயே நின்று காத்திருக்கிறது. இறங்காத கை அடுத்த மேல்வீச்சுக்கு நேரத்தில் வராது. ஒரு வாரம் அந்த ஒரு காற்றடியை மட்டும் பாருங்கள். சத்தமில்லாத அந்த அடிதான் மற்ற ஆறையும் தாங்குகிறது.

இதற்குப் பிறகுதான் கார்ட் மாற்றம். இரண்டே கார்ட், சியும் ஏ மைனரும். மாற்றத்தில் நகர்வது மோதிரவிரல் மட்டும், ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டிலிருந்து மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டுக்கு. மற்ற இரண்டு விரல்களைத் தூக்காதீர்கள். எல்லா விரலையும் தூக்கி மறுபடி அடுக்குவது உங்கள் வேகத்தைத் தின்கிறது. இடது கை வந்து சேரவில்லை என்றாலும் வலது கை அடித்துவிட வேண்டும் என்பதுதான் விதி. பாதி கார்ட் ஒலிக்கட்டும், அடக்கிய ஓசை வரட்டும், கை மட்டும் நிற்கக் கூடாது. எண்பது வேகத்தில் ஓர் எண்ணிக்கை முக்கால் வினாடி, அதில் கடைசி மேல்வீச்சுக்கு உரிய இடம் 0.375 வினாடி. அந்த நேரத்தில் இடது கை தந்தியை விட்டுக் கிளம்பிவிடலாம். மேல்வீச்சு திறந்த தந்திகளில் விழும். தேர்ந்தவர்களின் வாசிப்பை உற்றுக் கேளுங்கள், மாறும் இடத்துக்குச் சற்று முன்னால் அந்தத் திறந்த ஓசை மெல்லிதாக இருக்கும். அது பிழை இல்லை. அப்படித்தான் அவர்கள் நேரத்தோடு போய்ச் சேருகிறார்கள். நீங்கள் கடைசித் துளிவரை பழைய கார்டை இறுகப் பிடித்திருப்பதால் புதியதற்குத் தாமதமாகிறது.

மூன்று முறை தடுக்காமல் வந்தால் வேகத்தை நான்கு கூட்டுங்கள், தடுக்கினால் எட்டு குறையுங்கள். எண்பது நின்றபின் மெட்ரோனோமை 40-க்கு இறக்கி, அந்த ஒலி இரண்டாம் நான்காம் எண்ணிக்கைகளில் விழுவதாக வைத்து வாசியுங்கள். ஒன்றையும் மூன்றையும் நீங்களேதான் சுமக்க வேண்டும். முதல் நாள் நான்கு பாருக்குள் (நான்கு எண்ணிக்கை ஒரு பார்) ஒலி இடம் மாறிவிடும், பயப்படாதீர்கள். உங்கள் சொந்தக் காலம் எவ்வளவு ஆடுகிறது என்பது அதில்தான் முதல்முறையாகத் தெரியும்.

ஃப்ரெடி கிரீன் என்று ஒரு அமெரிக்கக் கிட்டார்காரர். கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் 1937-இல் சேர்ந்து 1987-இல் சாகும்வரை வாசித்தார். ஐம்பது வருடம், பாருக்கு நான்கு அடி. தனி ஆவர்த்தனம் அநேகமாகக் கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனுமாக அத்தனை ஊதுகுழல்களுக்கு நடுவே அந்தக் குழுவின் நடையைச் சுமந்தவர்களில் அவர் ஒருவர் என்று ஜாஸ் தெரிந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அவருடைய பல கார்டுகளில் உண்மையில் ஒலித்தது ஒன்றிரண்டு தந்திதான். ராத்திரி எஃபுக்காக மனம் நோகும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம்கூட வேண்டாம், நாற்பது நிமிடம் போதும். ட்யூனரில் சுருதி சேர்த்ததும் ‘சக்’ பத்து நிமிடம், இரண்டு கார்ட் மாற்றம் பத்து, மீதி முழுவதும் ஒரே பாட்டு, பதிவு இல்லாமல். ஒரே பாட்டு என்றால் ஒன்றுதான், இரண்டாவதை எடுக்காதீர்கள். மனைவிக்குப் பிடித்ததாகப் பார்த்து எடுங்கள். முப்பது நாள் கழித்து, ஹெட்ஃபோன் இல்லாமல், பெயர் சொல்லாமல் அவர் முன்னால் வாசியுங்கள். இரண்டாவது வரிக்குள் அவர் கூடப் பாட ஆரம்பித்தால் எனக்கு எழுதுங்கள். ஸ்கேலா ஃபிங்கர்ஸ்டைலா என்று கேட்டிருந்தீர்களே, அதை அப்போது பேசுவோம்.

அன்புடன்