பாத்ரூம் டைல்ஸுக்காகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் சொந்த வீடு. முதல் மாடியில் நாங்கள், கீழே மாமியார். பாத்ரூம் (5க்கு 7 அடி) முழுக்க உப்புக்கறை. தரை, சுவர் எல்லாவற்றிலும் கருநீலத்தில் மஞ்சள் பூப்போட்ட டைல்ஸ் ஒட்ட ஆசை. அது சதுர அடி 140 ரூபாய். சாதாரண டைல்ஸ் 45. மேஸ்திரி மொத்தம் 1,60,000 சொல்கிறார். அதில் கண்ணாடித் தடுப்பும் கவுன்டர் பேசினும் மட்டும் 30,000. கையில் 1,10,000 இருக்கிறது, மாதச் செலவு 38,000. ஒரு லட்ச ரூபாய் சீட்டு முடிய 8 மாதம் உள்ளது. 14% வட்டிக்கு 1 லட்சம் பர்சனல் லோன் எடுக்கலாமா, சீட்டைத் தள்ளி (ஏலத்தில் தள்ளுபடி கொடுத்து முன்கூட்டியே) எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் கருநீலத்தை விட்டுவிடாதீர்கள். தினமும் கண் விழித்ததும் நுழைகிற இடம் அது. அங்கே பிடித்த நிறம் வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை.

லோனை 24 மாதத்தில் கட்டினால் மாதம் சுமார் 4,800 ரூபாய். வட்டி மட்டும் 15,000 தாண்டும். கையிருப்போ மூன்று மாதச் செலவுக்கே காணாது, அதைத் தொடாதீர்கள்.

சரி, டைல்ஸ் கணக்குக்கு வருவோம். ஏழு அடி உயரம் வரை ஒட்டினால், கதவு போக, சேதாரத்தோடு 205 சதுர அடி வரும். எல்லாமே பூப்போட்டது என்றால் 28,700 ரூபாய். கதவைத் திறந்ததும் எதிரே தெரிகிற 5 அடிச் சுவருக்கு மட்டும் பூ டைல்ஸ் போட்டு, மற்றதைச் சாதாரண டைல்ஸில் முடித்தால் சுமார் 13,000தான். மிச்சம் 15,700. லோன் வட்டியும் கிட்டத்தட்ட அதே தொகைதான், பாருங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் பக்கத்து போர் தண்ணீர் பட்டுக் காய்ந்தால், கரும் பளபளப்பு டைல்ஸில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். அதனால் ஷவர் படாத சுவராகப் பார்த்து ஒட்டுங்கள். தரைக்கு வழுக்காத ரகம் எடுங்கள். பூ டைல்ஸில் ஒரு பெட்டி கூடுதலாக, அதே ஷேடு எண் பார்த்து வாங்கி வையுங்கள். பின்னால் ஒன்று உடைந்தால் அதே டிசைன் கடையில் கிடைப்பது சந்தேகம்.

தடுப்பையும் கவுன்டரையும் இப்போதைக்குத் தள்ளிப்போட்டால் செலவு 1,14,300க்கு இறங்கும். குழாய் மாற்றுவதிலும் வாட்டர்புரூஃபிங்கிலும் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். பூச்சு முடிந்ததும் இரண்டு நாள் தண்ணீர் தேக்கி வைத்துப் பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள்.

சீட்டைக் கடைசியில் எடுத்தால் கமிஷனும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் போகச் சுமார் 92,000 வரும். சட்டப்படி கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீதிக்கு மாதம் 2,800 எடுத்து வைத்தால் போதும். லோன் தவணையை விட இது எவ்வளவோ குறைவு. பதிவு செய்யாத சீட்டாக இருந்தால் மட்டும் கடைசிவரை காத்திருக்காதீர்கள், கொஞ்சம் தள்ளியாவது எடுத்துவிடுங்கள்.

அப்புறம், இன்றைக்கே கீழே மாமியார் வீட்டு மேல்தளத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஈரக்கறை இருந்தால் 8 மாதம் தாங்காது. தரையையும் குழாயையும் மட்டும் கையிருப்பிலிருந்து உடனே செய்து, சீட்டுப் பணம் வந்ததும் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். நீலச் சுவர் அதற்கு அப்புறம்.